பழைய லேப்டாப்பும் பக்கத்து வீட்டுத் தம்பியும்: மலையில் இருப்பவர்களுக்கு எது சரிப்படும்?

போன ஐப்பசி. நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் எங்களுக்கு ஆடி மழையைவிட ஐப்பசி மழைதான் பலம். ஒரு வாரம் விடாமல் கொட்டியது. கரண்ட் நினைத்தால் வந்தது, நினைத்தால் போனது. பச்சைத் தேயிலை வாங்கும் இலை ஏஜென்ட் இரண்டு பேருக்கு நான்தான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாசக் கடைசி வேறு. லேப்டாப்பைத் திறந்து பட்டனை அழுத்தினால் திரை கறுப்பாகவே இருக்கிறது, விட்டு விட்டு பீப் சத்தம் மட்டும் வருகிறது.

பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன். டிப்ளமோ படிக்கிறான். அடிமூடியைக் கழற்றி, ரேம் என்ற நினைவகத் தகட்டை வெளியே எடுத்து, அதன் தங்க நிற ஓரத்தை என் மகளின் பென்சில் ரப்பரால் இரண்டு தேய் தேய்த்து, ஊதி, திரும்பச் சொருகினான். மெஷின் எழுந்துகொண்டது. எங்கள் ஊர் ஈரத்தில் அந்த ஓரத்தில் படலம் கட்டுவது சகஜமாம். மொத்தம் பத்து நிமிஷம். கூலி ஒரு டீ, இரண்டு வர்க்கி பிஸ்கட்.

மூன்று வாரம் கழித்து அதே மெஷின் நத்தையாக ஊர ஆரம்பித்தது. மறுபடி அவனையே கூப்பிட்டேன்.

"ஃபார்மேட் போட்டா பறக்கும்க்கா."

"கணக்கெல்லாம் டி டிரைவ்ல இருக்கேடா?"

"அது போகாதுக்கா. சி மட்டும்தான் போடுவேன்."

விண்டோஸ் போடும்போது வரும் அந்தத் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் சி, டி என்றெல்லாம் எழுதியிருக்காது. பார்ட்டிஷன் 1, 2, 3, 4 என்று எண் போட்டுத்தான் இருக்கும். எதுவோ ஒன்று இடமில்லை என்று மறுத்தது. அவன் ஒன்றை அழித்தான், அடுத்ததையும் அழித்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நாலு வருஷக் கணக்கும் மகளின் பள்ளிக்கூடப் படங்களும் போயின. பஜாரில் ஒரு கடைக்காரர் மீட்டுப் பார்த்தார். பாதி வந்தது, அதுவும் பெயரெல்லாம் போய் வெறும் எண்களாக. யாரைத் திட்டுவது? காசு வாங்காதவனிடம் பில்லும் இல்லை, கேள்வியும் இல்லை. தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில் முகம் பார்க்க வேண்டிய பிள்ளை.

அதற்கப்புறம் எனக்கென்று ஓர் அளவுகோல் வைத்துக்கொண்டேன். ஒரு வேலை தப்பாகப் போனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர முடியுமா? ரேமைக் கழற்றி மாட்டுவதில் முடியும். ஃபார்மேட்டில் முடியாது. இரண்டையும் செய்தது ஒரே பையன்தான், ஒரே கைதான். கொண்டை ஊசி வளைவில் ரிவர்ஸ் எடுக்க இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிற மாதிரி. வரும் ஜூனில் மகள் கல்லூரிக்குப் போகிறாள், எனக்கும் மெஷின் மாற்ற வேண்டும் என்று வந்தபோது வாங்குவதையும் இதே அளவுகோலால்தான் அளந்தேன். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், உதவிக்கு யார் என்பதைப் பார்ப்போம்.

மலையில் நமக்கு நாலு பேர் உண்டு: பக்கத்து வீட்டுத் தம்பி, பஜார் கடை, கீழே கோயம்புத்தூரில் கம்பெனி சர்வீஸ் சென்டர், அப்புறம் பெங்களூரில் ஐடியில் இருக்கும் அண்ணன் மகன். கடைசி ஆளைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அவன் எழுதுவது வங்கி சாஃப்ட்வேர். பஸ் ஓட்டத் தெரிந்தவர் கியர்பாக்ஸைப் பிரிக்கக் கூடாது என்பது நமக்கே தெரியும், கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் மறந்துவிடுகிறோம். அவனாக, தூரத்திலிருந்தே நம் மெஷினை இயக்கும் எனிடெஸ்க் ஆப் வழியாக வந்து எக்செல் சரிசெய்து தந்தால் சந்தோஷம். ஆனால் போனில் யாரோ "கம்பெனியிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிஸ்டத்தில் வைரஸ், இந்த ஆப்பைப் போடுங்கள்" என்றால் வைத்துவிட வேண்டியதுதான். 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இந்த வகை மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்துவிட்டது. ஆப் நல்ல ஆப்தான், அது திரையில் காட்டும் எண்ணைக் கேட்டு உள்ளே வருகிறவன்தான் திருடன். பணம் போய்விட்டால் 1930க்கு உடனே அடியுங்கள். எத்தனை சீக்கிரம் சொல்கிறோமோ அத்தனை நல்லது.

கம்பெனி சர்வீஸ் சென்டர் வாரண்டி இருக்கும்வரை சரி. அது முடிந்தபின் ஒரு சின்ன வேலைக்கு மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து கோயம்புத்தூர் போய், "போர்டு மாத்தணும்" என்று அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுத் திரும்பி ஏறுவதில் ஒரு நாள் போகும். வாங்கி வர இன்னொரு நாள். இடையில் மண் சரிந்தால் அது தனிக் கதை.

ஆக மிஞ்சுவது தம்பியும் பஜார் கடையும். கடைக்காரரென்றால் நம்பலாம், பையனென்றால் ஆபத்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் என்ன நடக்கிறது என்று உள்ளுக்குள் பதிவாகும்படி லேப்டாப்புகளைத் தயார் செய்து, காசு வாங்கும் ரிப்பேர் கடைகளிலேயே கொடுத்துப் பார்த்தார்கள். 2022இல் முடிவு வெளிவந்தது. ஆறு இடங்களில் ரிப்பேர் செய்தவர்கள் சொந்தப் படங்களையும் கோப்புகளையும் திறந்து பார்த்திருந்தார்கள், இரண்டு இடங்களில் நகலே எடுத்திருந்தார்கள். பெண்ணின் லேப்டாப் என்றால் நோட்டம் அதிகம். பேட்டரி மாற்றுவதற்குக்கூட பாஸ்வேர்ட் கேட்ட கடைகள் உண்டு. பேட்டரி மாற்ற பாஸ்வேர்ட் எதற்கு?

இதைப் படித்தபின் என் பழக்கம் மாறிவிட்டது. மெஷின் ஆன் ஆகிறது என்றால் கொடுப்பதற்கு முன் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகிறேன், குரோமில் சேமித்த பாஸ்வேர்ட்களை நீக்கிவிடுகிறேன், கடைக்கென்று தனியாக ஒரு யூசர் போட்டுக் கொடுக்கிறேன். கணக்கு முழுக்க வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல், அது வீட்டு பீரோவில். நகல் ஒன்று பீரோவில் இருந்துவிட்டால் தம்பி செய்தாலும் கடைக்காரர் செய்தாலும் பதற்றம் இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு என் நாலு வருஷக் கணக்கு போனதற்கு அந்தப் பையன் மட்டுமா காரணம்? நகல் எடுத்து வைக்காதது நான்தான்.

தம்பி விஷயத்தில் இன்னொன்று. ஃபார்மேட் போட்டவன் கையோடு, உரிமம் இல்லாமல் பூட்டைத் திறக்கும் ஏதோ ஒரு கிராக்கையும் ஓட்டி விண்டோஸை ஆக்டிவேட் செய்துவிட்டான். அது எங்கிருந்து இறங்கியது, உள்ளே என்ன கொண்டுவந்தது என்று அவனுக்கும் தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், விண்டோஸோடு விற்கப்பட்ட, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் வந்த கம்பெனி லேப்டாப்புகளில் உரிம எண் மதர்போர்டிலேயே எழுதியிருக்கும். வந்தபோது இருந்த அதே எடிஷனைச் சுத்தமாகப் போட்டு நெட்டில் இணைத்தால் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். திறந்த வீட்டுக்கு அவன் கள்ளச்சாவி போட்டிருக்கிறான்.

சரி, மெஷினுக்கு வருவோம். மேஜையில் நாலு வழி இருந்தது: இருப்பதையே தேற்றுவது, தெரிந்தவரிடம் பழையது வாங்குவது, கோயம்புத்தூர் கடையில் ரீஃபர்பிஷ்டு, அதாவது பழையதைச் சரிசெய்து விற்பது, வாங்குவது, புதுசு.

இருப்பதில் உள்ளது இன்டெலின் 4ஆம் தலைமுறை ஐ3 பிராசஸர். ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டால் மெஷின் ஆள் மாதிரி எழுந்து நடக்கும், சந்தேகமே இல்லை. சிக்கல் வேறு இடத்தில். 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2026 அக்டோபர் வரை வரும். விண்டோஸ் 11 போட இன்டெலில் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். "பைபாஸ் பண்ணிப் போட்டுரலாம்க்கா" என்றான் தம்பி. போடலாம்தான். ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலையும் ஜிஎஸ்டி வேலையும் நடக்கும் மெஷினில் எனக்கு அது ஒத்துவராது. பாட்டுக் கேட்க, யூடியூப் பார்க்க, பிள்ளைகள் தட்டிப் பழக என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

இரண்டாவது வழி, தெரிந்தவரிடம் வாங்குவது. நம் ஊரில் இதுதான் அதிகம் நடக்கிறது, மனஸ்தாபமும் இதில்தான் அதிகம். "ஐ5 மா, நல்லா வெச்சிருந்தோம், பத்தாயிரம் குடுங்க." ஐ5 என்ற சொல்லுக்கு மட்டும் விலை கிடையாது. 2013இல் வந்ததும் ஐ5தான், 2023இல் வந்ததும் ஐ5தான். அதை அடுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-4300யு என்றால் 4ஆம் தலைமுறை, ஐ5-7200யு என்றால் 7, ஐ5-8250யு என்றால் 8. 7க்கும் 8க்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, விண்டோஸ் 11 விஷயத்தில் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மலையில் ஓடிய மெஷினென்றால் கூடுதலாக ஈரத்தைப் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். பூசண வாசனை அடித்தால் பீரோவில் கிடந்திருக்கிறது. டார்ச் அடித்து யூஎஸ்பி ஓட்டைக்குள் பாருங்கள், பச்சை படிந்திருந்தால் விட்டுவிடுங்கள். மூடியைத் தாங்கும் கீல் கறகறவென்றால் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். இன்று இல்லாவிட்டால் மார்கழியில் மூடியோடு திரையும் உடையும்.

குன்னூரை ஒட்டிய வெலிங்டன் பக்கத்தில் இன்னொரு விவகாரம் உண்டு. அங்கே ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வருகிறவர்கள் முடிந்ததும் மாற்றலாகிப் போவார்கள், போகும்போது வீட்டுச் சாமான்களை விற்பார்கள். நேரில் போய்ப் பார்த்து வாங்கினால் நல்ல சாமான் கிடைக்கும். இந்த உண்மையைத்தான் மோசடிக்காரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். விளம்பரத்தில் யூனிஃபார்ம் போட்ட படம், "டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு, அவசரம், முன்பணம் போடுங்க, பார்சல்ல அனுப்பறேன்". வேறு ஊரில் இருப்பவர் இதைப் படித்தால் சந்தேகப்படுவார். நாமோ, "ஆமா, நம்ம வெலிங்டன்லதானே" என்று நம்பிவிடுகிறோம். நாம் விற்கும்போதும் இதே ஆள் வேறு வேஷத்தில் வருவான். "பணம் அனுப்பறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பான். யூபிஐயில் பின் போடுவது பணம் கொடுக்கவோ இருப்பைப் பார்க்கவோதான். வாங்க எந்தப் பின்னும் தேவையில்லை.

இன்னும் இரண்டு வகையைத் தொடக்கூட வேண்டாம். ஒன்று, மூடியில் அரசு முத்திரையோடு வரும் லேப்டாப். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்தது அது, கைமாற்றி விற்க அல்ல. இன்னொன்று, சார்ஜரும் இல்லை, பில்லும் இல்லை, பாஸ்வேர்டும் தெரியவில்லை என்று பாதி விலைக்கு வருவது. திருட்டுச் சாமான் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணமிருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317ஆம் பிரிவில் வாங்கியவரும் குற்றவாளி. "எனக்குத் தெரியாதுங்க" என்பது பாதி விலைக்கு வாங்கியவர் வாயில் எடுபடுமா?

என் அளவுகோலில் இந்த வழி தோற்கிறது. காரணம் மெஷின் மட்டுமல்ல. தெரிந்தவரிடம் வாங்கியது மூன்றாம் நாள் நின்றுபோனால் திருப்பிக் கொடுக்க முடியுமா? கொடுத்தால் கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்வார்கள்.

மூன்றாவது, ரீஃபர்பிஷ்டு. பெரிய கம்பெனிகள் மூன்று நாலு வருஷம் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழிக்கும் லேப்டாப்புகள்: திங்க்பேட், லாட்டிட்யூட், எலீட்புக். இவை அலுவலகத்துக்கென்று கட்டியவை. கழற்றவும் மாட்டவும் சுலபம், எப்படிக் கழற்றுவது என்ற கையேட்டைக் கம்பெனியே நெட்டில் வைத்திருக்கிறது, கீபோர்டும் பேட்டரியும் தனியாகக் கிடைக்கும். மலையில் இருப்பவருக்கு இது பெரிய விஷயம். பஜார் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். திங்க்பேட் டி480, லாட்டிட்யூட் 7490, எலீட்புக் 840 ஜி5 இவையெல்லாம் 8ஆம் தலைமுறை வந்த மாடல்கள். பெயரில் ஓர் எண் குறைந்த டி470, 7480, 840 ஜி4 எல்லாம் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி, ஆனால் 6, 7ஆம் தலைமுறை. கடைக்காரர் மாற்றிச் சொன்னால் அது தெரியாமல் சொன்னதாகவும் இருக்கலாம்.

காந்திபுரம் பக்கம் ஒரு கடைக்குத் தை மாதம் போனேன். முதல் பஸ்ஸில் இறங்கியதால் கடை திறந்ததும் நான்தான் முதல் ஆள். பையில் ஒரு பென் டிரைவ், ஒரு ஹெட்போன், ஒரு நோட்டு. கடைப் பையன் மூன்று மெஷின் எடுத்து வைத்தான். மூடிகளில் பளபளவென்று புது ஸ்டிக்கர். ஸ்டிக்கர் எதை மறைக்கிறது என்று நகத்தால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன், அவனுக்குப் பிடிக்கவில்லை.

முதலில் பயாஸ், விண்டோஸ் எழும் முன்பே வரும் அமைப்புத் திரை. ஆன் செய்யும்போதே உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரு மெஷின் பாஸ்வேர்ட் கேட்டது. "அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றான். பண்ணும். பழைய கம்பெனியின் பூட்டு இன்னும் கழலவில்லை என்று அர்த்தம். ஒருநாள் விண்டோஸை மறுபடி போடும்போது அந்தக் கம்பெனியின் லாகின் கேட்டு நிற்கலாம். அது விலகியது.

அடுத்தது பேட்டரி. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, இடைவெளி, ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் ஓர் அறிக்கை வரும். பேட்டரி பிறந்தபோது கொள்ளளவு எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று அதில் இருக்கும். ஒன்றில் 60,000க்கு 37,000. கரண்ட் போகும் ஊரில் இரண்டு மணி நேரம் தாங்கும், பரவாயில்லை. இன்னொன்றில் 60,000க்கு 14,000. அது லேப்டாப் இல்லை, வயரோடு கட்டிய கன்றுக்குட்டி.

எஸ்எஸ்டியைக் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளை வைத்துப் பார்த்தேன், பென் டிரைவில் அதைத்தான் கொண்டுபோயிருந்தேன். எத்தனை மணி நேரம் ஓடியது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடும். நோட்பேடில் ஒவ்வொரு எழுத்தையும் தட்டினேன். தமிழ் 99 விசைப்பலகையில் வேகமாக அடிக்கும் என் கைக்கு ஒரு சாவி ஒட்டினாலும் கோபம் வரும். வெள்ளைத் திரையை முழுசாக வைத்து மஞ்சள் திட்டு, வெளிச்சத் திட்டு பார்த்தேன். அப்புறம் வீடியோவைப் போட்டுவிட்டுப் பக்கத்து டீக்கடையில் கால் மணி நேரம். வந்து அடியில் கை வைத்தால் சூடு சாதாரணம், ஃபேன் அலறவில்லை. சரி.

வாரண்டி கேட்டேன். "பதினஞ்சு நாள் டெஸ்டிங் வாரண்டிக்கா." மலைக்காரர்களுக்குப் பதினைந்து நாள் போதாது என்று ஒரு மாதத்துக்குப் பேசினேன். பில்லில் சீரியல் நம்பரையும் அந்த ஒரு மாதத்தையும் எழுதச் சொன்னேன். முனகினாலும் எழுதினார்கள். பில் தர மாட்டேன் என்கிற கடையில் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன். 18,500 ரூபாய், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி.

புதுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையில் நாற்பது நாற்பத்தைந்தாயிரம் இருந்து நாலு வருஷம் ஒரே மெஷின் ஓட வேண்டும் என்றால் புதுசு நல்லது, மகளுக்கு அதைத்தான் யோசித்து வைத்திருக்கிறேன். அவள் இருக்கப்போவது கோயம்புத்தூரில், சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே. ஆனால் இருபதாயிரத்துக்குப் புதுசு என்று வருபவற்றில் பல 4 ஜிபி ரேமைப் போர்டோடு ஒட்டி, 64 ஜிபி நினைவகத்தோடு வருகின்றன. கூட்டவும் முடியாது, மாற்றவும் முடியாது. அந்த விலைக்கு எட்டு வயசான திங்க்பேட் எத்தனையோ மேல். ஆன்சைட் வாரண்டி என்று சொன்னால் உங்கள் பின்கோடைச் சொல்லி, ஆள் மேலே வருவாரா என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரு சின்ன விஷயம், எந்த மெஷினாக இருந்தாலும். குளிர்காலக் காலையில் இங்கிருந்து லேப்டாப்பைக் கீழே எடுத்துப் போனால் கோயம்புத்தூர் வெக்கையில் அந்தக் குளிர்ந்த மெஷினுக்குள் நீர் பூக்கலாம், கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும். பையிலேயே அரைமணி வைத்திருந்து அப்புறம் ஆன் செய்யுங்கள்.

பழைய ஐ3ஐ என்ன செய்தேன் என்றா? எக்ஸ்சேஞ்சில் அதற்கு ஆயிரத்து இருநூறு என்றார்கள், கொடுக்கவில்லை. 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் இருவர் பழைய ஹார்ட் டிஸ்க் 158 வாங்கிச் சோதித்திருந்தார்கள். ஓடிய 129இல் சரியாக அழிக்கப்பட்டிருந்தவை 12தான். மற்றவற்றில் கடிதங்கள், கிரெடிட் கார்டு எண்கள், ஒன்றில் ஏடிஎம் மெஷினின் கணக்கே இருந்தது. டெலீட், ஃபார்மேட் என்பதெல்லாம் பெரும்பாலும் அட்டவணையை அழிப்பதுதான், பக்கங்கள் அப்படியே இருக்கும். என் பாதிக் கணக்கு திரும்பி வந்ததும் அதனால்தானே. அந்த டிஸ்கைக் கழற்றி வர்க்கி டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டேன்.

மெஷினைத் தம்பிக்கே கொடுத்தேன். அவன் தன் காசில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டு லினக்ஸ் மின்ட் ஏற்றி வைத்திருக்கிறான். கழற்றுவதும் மாட்டுவதுமாகப் படிப்பு அதில்தான் நடக்கிறது. போன வாரம் வந்து, "அந்த பழைய டிஸ்க்கையும் குடுங்கக்கா, ரெக்கவரி போட்டுப் பழகறேன்" என்றான். டீ கொடுத்தேன். டிஸ்கைக் கொடுக்கவில்லை.